வாசல் வரை வராதவர்கள்

வரிச்சிக்குடி
தை 12 (26 ஜனவரி 2024)

மருமகள் வினோதாவுக்கு, மாமனார் செல்லையன் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுத் தையல்நாயகி எழுதுவது.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு எட்டாமல் குறுவை கருகிப்போன வருஷம். சனிபகவான் பெயர்கிறார் என்று மார்கழியில் திருநள்ளாற்றுக்கு எள் விழ இடமில்லாமல் ஜனம் வந்த வருஷம். அந்த வருஷம் ஆனியில், காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் பழம் இறைத்த மறுநாள், நீ கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாய். யார் கேட்டாலும் நான் இப்படித்தான் சொல்வேன். எனக்குத் தேதி தெரியாது. மேலே இருக்கும் தேதி தையல்நாயகி போட்டது.

போனைக் காதில் வைத்தால் குளவிக் கூடு மாதிரி இரைகிறதே தவிர உன் குரல் வருவதில்லை. நீ அங்கே 'மாமா, மாமா' என்று கத்த, அந்த வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று வைத்துவிடுகிறாயாம். ஆகவே இனிமேல் கடிதம். நீ எழுதுவதைத் தையல்நாயகி என் வலது காதில் கத்திப் படிப்பாள். தெருவுக்கே கேட்கும். ரகசியம் எதுவும் எழுதாதே.

பொங்கலுக்கு வருவாய் என்று இருந்தேன். கரும்பு ஒன்று வாங்கிக் கதவோரம் சார்த்தி வைத்தேன். எனக்குத்தான் பல் இல்லையே. அது இன்னும் அங்கேயே நிற்கிறது.

ஊரில் கேட்கிறார்கள். டீக்கடையில் மாறன் கேட்டான்: “என்னா பெரியப்பா, மருமவ வருமா, வராதா?”

“அது என்னா காவேரித் தண்ணியாடா, வருமா வராதான்னு கேக்குறதுக்கு? வரும்” என்று சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். என் மகன் போன பிறகும் நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. அப்போதெல்லாம் போகாதவள் இப்போது ஏன் போனாய்? அடுத்தவர் வீட்டில் வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லிக் கொடுப்பது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கின வருஷம் கோட்டுச்சேரிப் பெரிய வீட்டுக்குச் சோமசேகரன் என்று ஒரு வாத்தியார் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அவரைப் போலத்தான் நீயும் ஆகப்போகிறாய்.

தையல்நாயகி வீட்டில் குழம்பு தீய்கிற வாடை வருகிறது. பதில் போடு.

செல்லையன்

*

கோயம்புத்தூர்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு,

தையலக்கா, முதல் பகுதியைத் தெருவுக்குக் கேட்கும்படியே படியுங்கள். நான் நலம். இங்கே குளிர் குறைந்துவிட்டது. பொங்கலுக்கு வர டிக்கெட் எடுத்திருந்தேன். முந்தின நாள், நான் பாடம் சொல்லும் பிள்ளை கவியாவுக்குக் காய்ச்சல் வந்தது. அவள் அம்மா தேவிகா மேடம் டாக்டர். ஆஸ்பத்திரியில் விடுப்பு இல்லை. அப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஒன்பது வயதுப் பிள்ளையைச் சமையல்காரம்மாவிடம் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

இனி மெதுவாகப் படியுங்கள், அக்கா.

மாமா, ஏன் போனாய் என்று கேட்கிறீர்கள். அவர் இறந்து நாலு வருஷமாக நம் வீட்டில் நாம் இருவரும் என்ன பேசினோம்? நான் சோற்றை மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். நீங்கள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பீர்கள். கவிழ்ந்த தட்டைப் பார்த்துத்தான் நீங்கள் சாப்பிட்டீர்கள் என்று தெரிந்துகொள்வேன். பள்ளிக்கூடத்திலும் ஆள் குறைத்து என்னை நிறுத்திய பிறகு அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு பகல் முழுக்க இருக்க முடியவில்லை.

வேலை கிடைத்ததும் உங்களிடம்தான் முதலில் சொன்னேன். நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “ஊரான் வூட்டுப் புள்ளைக்கு ஆயா வேல பாக்கப் போறியா?” பிள்ளை இல்லாதவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? சரி, கோபத்தில் வந்தது என்று விட்டுவிட்டேன். ஆனால் கிளம்புகிற அன்று நான் பெட்டியோடு வாசலில் நின்றேன். நீங்கள் கொல்லையில் கீற்று முடைந்துகொண்டிருந்தீர்கள். “மாமா, போய்ட்டு வர்றேன்” என்றேன். திரும்பவில்லை. காது கேட்கவில்லை என்று பக்கத்தில் வந்து இன்னொரு தடவை சொன்னேன். அப்போதும் உங்கள் கை நிற்கவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தி வெளியூர் கிளம்பினால் தெருமுனை வரை நாலு பேராவது வருவார்கள். தையலக்காதான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தார்.

இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். கவியாவின் அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை. காலையில் அவள் பள்ளிக்கூடம் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். அடுக்களைக்குப் போனால், “டீச்சர் இங்கயெல்லாம் வரக்கூடாதுங்க” என்று சமையல்காரம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார். சாப்பாட்டு மேசையில் விருந்தாளி இருந்தால், “டீச்சர், நீங்க ரூம்லயே சாப்ட்டுக்கறீங்களா?” என்று மேடம் கேட்கிறார். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஆக, தட்டு என் கட்டிலுக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் கவியா வந்ததும்தான் என் வாயில் பேச்சு வரும். வகுத்தல் கணக்கு என்றால் அழுவாள். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தப்பாகப் போடுவாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால் சரியாகப் போடுவாள். அதனால் தினமும் அரைமணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கீழே கார்கள்தான் தெரியும்.

வினோதா

*

வரிச்சிக்குடி
பங்குனி 11 (24 மார்ச் 2024)

வினோதாவுக்கு,

உன் கடிதத்தைத் தையல்நாயகி மெதுவாகப் படித்ததில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கத்தித்தான் படித்தாள். தெருவே கேட்டது. கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அன்றைக்குக் கீற்று முடைந்தேன். மழைக்கு முன்னே கொட்டகைக்குப் போட வேண்டியிருந்தது. வேலை இருந்தது. அதைப் பற்றி வேறு பேச்சு வேண்டாம்.

தட்டு கட்டிலுக்கு வந்துவிட்டது என்று எழுதினாயே, அதைத்தான் சொல்ல வந்தேன். சோமசேகர வாத்தியாருக்கும் இலை தனிதான். வீட்டு ஆண்கள் கூடத்தில் சாப்பிடுவார்கள். நாங்கள் பண்ணை ஆட்கள் கொல்லைப்பக்கம் சாப்பிடுவோம். அவருக்கு நடுவில் இருக்கும் நெல் அறை ஓரமாக ஓர் இலை. பேச்சுத் துணைக்குக் குதிர்தான். சாப்பிட்டு முடிந்ததும் அவரே இலையை எடுத்துக்கொண்டு வந்து கொல்லையில் போடுவார். அப்போது என்னைப் பார்த்து, “மாடு தண்ணி குடிச்சுட்டாடே?” என்பார். தினமும் அதே கேள்வி. மாட்டின் மேல் அக்கறை என்று அப்போது நினைத்தேன். அவருக்குப் பேச வேறு ஆளில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் பங்கஜவல்லி, இளையவன் தம்பி. பத்து வருஷம் பாடம் சொன்னார். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம், தம்பி புதுச்சேரிக்குப் படிக்கப் போனான். வாத்தியார் ஊருக்குக் கிளம்பினார். பெரிய ஐயா ஒரு வேட்டியும் வழிச்செலவும் கொடுத்தார். அப்போதெல்லாம் காரைக்காலுக்கு ரயில் உண்டு. நான்தான் மாட்டு வண்டியில் அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன்.

வண்டி நகரும்போது அவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாசலில் ஒரு குஞ்சு இல்லை. பத்து வருஷம் சோறு தின்ற வீடு. வண்டி கோட்டுச்சேரி எல்லையைத் தாண்டியது. பிறகு கேட்டார்: “செல்லையா, ஒருத்தரும் வரலியேடே?” எனக்கு இருபத்திரண்டு வயசு. மாட்டை ஓட்டினேன். அவர் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை.

பிள்ளை வளர்ந்தால் வாத்தியாருக்கு வீடு இல்லை. அவ்வளவுதான் கதை. நீ வந்துவிடு.

செல்லையன்

*

கோயம்புத்தூர்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நெல் அறை ஓரத்து இலையை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு சேதி. கவியாவின் அப்பா குடும்பத்தை மஸ்கட்டுக்கே கூட்டிக்கொள்கிறார். ஜூன் மாதம் புறப்படுகிறார்கள். என்னையும் வரச் சொல்கிறார்கள். விசா எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். மேடம் என் அறைக்கே வந்து கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்: “நீங்க இல்லாம அவ சாப்பிடறதே இல்ல டீச்சர். உங்களுக்கும் இங்க யாரு இருக்கா?”

எனக்கு யாரும் இல்லை என்று நான் அவரிடம் சொன்னதில்லை. அவரே அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார். மாமனார் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் திரும்பாமல் உட்கார்ந்திருந்த முதுகு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

மஸ்கட் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். உங்கள் மகனும் அந்தக் கடல் தாண்டித்தான் குவைத் போனார்; பெட்டியில் திரும்பி வந்தார். அதனால்தான் சொல்லத் தயங்கினேன்.

கவியா இப்போது தன் தட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிடுகிறாள். “டீச்சர், நீங்களும் நானும் தனி வீடு” என்கிறாள். நேற்று அதை மேடம் வாசலில் நின்று கேட்டார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இந்தப் பிள்ளைக்கு இன்னும் நாலைந்து வருஷம் நான் வேண்டும். பிறகு வேண்டாம். அது எனக்கும் தெரியும் மாமா, வாத்தியார் கதை கேட்காமலே தெரியும்.

ஜூன் பத்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் 'வந்துவிடு' என்று எழுதியது வாத்தியார் கதி எனக்கும் வந்துவிடும் என்று பயமுறுத்துவதற்காக. அது எனக்குப் போதாது. உங்களுக்காக, அந்த வீட்டுக்காக, ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொன்னால் வருகிறேன். இல்லாவிட்டால் போகிறேன்.

இன்னொன்று. வாத்தியார் திரும்பவில்லை என்றீர்களே, அதன்பிறகு அவர் என்ன ஆனார்?

வினோதா

*

வரிச்சிக்குடி
சித்திரை 29 (12 மே 2024)

வினோதாவுக்கு,

வாத்தியார் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. அறுபது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் அப்படிக் கேட்டதில்லை. பங்கஜவல்லி காரைக்காலில் அம்மையார் கோயில் பக்கம் இருக்கிறது என்று கேள்வி. போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரைக்கும் அவர்களிடம் பதில் சொல்லாதே.

செல்லையன்

வினோதா, இது தையல் சொந்தமாக எழுதுவது. மஸ்கட் என்று படித்ததும் மாமா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். இரண்டு நாளாகத் தட்டு கவிழவில்லை. நான் கொண்டுபோய் வைத்ததும் அப்படியே இருந்தது. “எழுதாதே” என்றார். எழுதிவிட்டேன்.

*

கோயம்புத்தூர்
24 மே 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சாப்பிடுங்கள். வேறு எது எப்படி இருந்தாலும் சாப்பிடுங்கள்.

கவியா என் பெட்டிக்குள் அவளுடைய ஸ்வெட்டரை வைத்திருக்கிறாள். “மஸ்கட்ல ஏசி ஜாஸ்தி, டீச்சர்” என்கிறாள். நான் வருவதாகவே முடிவு செய்துவிட்டாள். எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பெட்டியை மூடவும் கை வரவில்லை.

உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

வினோதா

*

வரிச்சிக்குடி
வைகாசி 20 (2 ஜூன் 2024)

வினோதாவுக்கு,

சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். தையல்நாயகி சாட்சி.

நேற்றுக் காரைக்காலுக்குப் போனேன். பங்கஜவல்லியின் வீட்டைக் கண்டுபிடிக்கப் பகல் ஆகிவிட்டது. வாசலில் நின்று, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், அந்தக் காலத்து வாய்ப்பழக்கத்தில் “பாப்பா” என்றேன். எழுபத்தேழு வயசுப் பாப்பா கைத்தடியோடு வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தது.

“என்னயப் பாப்பான்னு கூப்பிடுறதுக்கு இன்னும் ஒரு ஆளு இருக்கா? யாரு, செல்லையனா? நீ செத்துட்டேன்னுல்ல சொன்னாங்க!”

“காதுதான் செத்துப்போச்சு. கொஞ்சம் கத்திப் பேசுங்க.”

டீ போட்டுக் கொடுத்தது. சோமசேகர வாத்தியார் பேச்சை எடுத்தேன். “பத்து வருஷம் பாடம் சொன்ன மனுசன் போறப்ப வாசலுக்கு ஒருத்தர் வரலியே, ஏங்க அப்படிப் பண்ணுனீங்க?” என்று கேட்டேன். வழக்குப் பேசத்தான் போயிருந்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன்.

பங்கஜவல்லி டம்ளரைக் கீழே வைத்தது.

“விருந்தாளி போனாத்தான் வாசல் வரைக்கும் போயி வழியனுப்புறது. வூட்டு மனுசன் ஊருக்குப் போனா யாரு வருவா? வந்து நின்னா, போனவரு திரும்ப மாட்டாருன்னு எங்க வூட்டுல ஒரு இது உண்டு. தாத்தா காசிக்குப் போனப்ப எல்லாரும் வந்து நின்னாங்களாம், அவரு வரல. அதுலேருந்து அப்படி. அப்பா அன்னைக்குக் காலையிலேயே சொல்லிட்டாங்க, 'வாத்தியாரு பொங்கலுக்குத் திரும்பி வரணும், யாரும் வெளியில தலகாட்டாதீங்க'ன்னு. எங்களுக்கு அப்புறம் அத்தை புள்ளைங்க ரெண்டு இருந்துச்சே, அதுகளுக்கும் அவருதான்னு அப்பா நெனச்சிருந்தாங்க.”

“அத அவருட்ட சொன்னாங்களா?”

“அதத்தான் நானும் இத்தன வருசமா நெனச்சுப் பாக்குறேன். சொல்லணும்னு யாருக்கும் தோணல செல்லையா. வூட்டு மனுசன்ட்ட, இது உன் வூடுன்னு யாராவது சொல்லுவாங்களா?”

அவருக்கு வேட்டியும் வழிச்செலவும் கொடுத்தது கொஞ்ச நாள் ஊருக்குப் போய்த் திரும்புகிறவருக்குக் கொடுப்பதுபோலத்தான் கொடுத்ததாம். அவர் அதைக் கணக்குத் தீர்த்ததாக எடுத்துக்கொண்டார். திருநெல்வேலி மனுஷருக்கு இந்த வீட்டு வழக்கம் எப்படித் தெரியும்? அந்தப் பொங்கலுக்கு நெல் அறை ஓரம் அவருக்கு இலை போட்டார்களாம். வரவில்லை. எழுதிப் பார்த்தார்கள். பதில் இல்லை. சீர்காழிப் பக்கம் வேறொரு வீட்டில் இருக்கிறார் என்று ஒரு தடவை காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

“நான் மாடி ஜன்னல்ல நின்னேன்” என்றது பங்கஜவல்லி. “அவரு திரும்பிப் பாத்தாரு. வாசலத்தான் பாத்தாரு, மேல பாக்கல. கூப்பிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. போறவங்களப் பின்னால கூப்பிடக் கூடாதுல்ல. பதினேழு வயசு. வாயப் பொத்திக்கிட்டேன். அத்தோட சரி.”

மிச்ச டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் உன்னிடம் சொன்ன கதை தப்பு. அறுபது வருஷம் நான் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள்ளே என்ன நடந்தது என்று பார்த்ததில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் விஷயம் என் நெஞ்சில் இடித்தது. என் மகன் சிவநாதன் குவைத்துக்குக் கிளம்பியபோது நான் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் நின்றாய். பஸ் வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் துண்டை ஆட்டிக்கொண்டே நின்றேன். கண் மறைய வழியனுப்பியது நான்தான். அவன் எப்படித் திரும்பி வந்தான் என்று உனக்குத் தெரியும். இனி இந்த வீட்டிலிருந்து யார் போனாலும் நான் வாசலுக்கு வரக்கூடாது என்று அன்றைக்கு மனசுக்குள் முடிந்துகொண்டேன். நீ பெட்டியோடு நின்றபோது கொல்லைக்குப் போனேன். நீ இரண்டு தடவை 'போய்ட்டு வர்றேன்' என்றது எனக்குக் கேட்டது. இரண்டாவது தடவை சத்தமாகவே கேட்டது. திரும்பினால் எழுந்து வந்துவிடுவேன். வந்தால் தெருமுனை வரைக்கும் வந்துவிடுவேன். அதனால் கையை நிறுத்தவில்லை. அன்றைக்கு முடைந்த கீற்றைத் தையல்நாயகி பார்த்துவிட்டு, “இதுல கோழி கூட ஒதுங்காது மாமா” என்றாள்.

இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய வீட்டு ஐயாவுக்குத் தோன்றாதது மாதிரியே.

நீ ஒரு வார்த்தை கேட்டாய். வா. மஸ்கட் போனால் கெட்டுப்போவாய் என்பதற்காக இல்லை. போய்ப் பிழைத்தாலும் பிழைப்பாய். கரும்பு காய்ந்து விறகாகிவிட்டது, இந்த வீட்டில் என்னோடு பேச ஆளில்லை, எனக்கு நீ வேண்டும். அதற்காக வா. மஸ்கட் போகத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், இங்கே வந்துவிட்டுப் போ. வாசலுக்கு வரமாட்டேன். ஆனால் கொல்லையில் இருந்தபடியே, இது உன் வீடு, திரும்பி வா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லி அனுப்புவேன்.

எது செய்தாலும் அந்தப் பிள்ளை கவியாவிடம் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுச் செய். ஸ்வெட்டரை அதன் கையிலேயே கொடு. அழட்டும். ஜன்னலில் மட்டும் நிற்க விட்டுவிடாதே. அறுபது வருஷம் நிற்கும்.

இன்னும் இருபது நாளில் மாங்கனி வருகிறது. நீ போய் ஒரு வருஷம்.

கோட்டுச்சேரிப் பெரிய வீட்டில் ஐயா போய்விட்டார். அம்மா போய்விட்டார்கள். புதுச்சேரியில் படித்த தம்பி கொரோனாவில் போனான். அத்தையும் இல்லை, அத்தை பிள்ளைகளும் இல்லை. வாத்தியார் எந்த ஊர் மண்ணில் போனாரோ. அந்த வீட்டு ஆட்களில் மிச்சம் பங்கஜவல்லி.

இந்த வீட்டில் உன் மாமியார் அமுதம் போய்விட்டாள். சிவநாதன் போய்விட்டான். என்னைக் கணக்கில் சேர்க்காதே, நான் எண்பத்திரண்டு. மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். தையல்நாயகி, பேரை நன்றாகப் பெரிதாக எழுது:

வினோதா.